வண்டியில் தனுஷ்கோடி வரும் என் மாணவர்களுக்கு



நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். வகுப்பில் நான் 40 நிமிடம் பேசியதைக் கேட்டவர்கள்தானே நீங்கள், இதையும் தாங்குவீர்கள்.

போன மாதம் என் பழைய மாணவன் ஒருவன் கோயம்புத்தூரில் இருந்து நண்பர்களோடு பெரிய வண்டிகளில் வந்தான். அரிச்சல்முனை வரை போய்விட்டு, திரும்பும் வழியில் என்னைப் பார்க்க பாம்பன் வீட்டுக்கு வந்தார்கள். வாசலிலேயே அவன் வண்டியின் பின் சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது. ஸ்போக் சக்கரம், டியூப் டயர். "நானே போட்டுக்குவேன் சார்" என்று முற்றத்தில் உட்கார்ந்து சக்கரத்தைக் கழற்றி, பஞ்சர் ஒட்டி, அழகாகத் திரும்ப மாட்டினான். எனக்குப் பெருமையாக இருந்தது. கடைசியில் ஒரு சின்ன பின் மட்டும் தரையில் கிடந்தது. "இது வளைஞ்சிருச்சு சார், ரூமுக்குப் போய் வேற போட்டுக்கிறேன்" என்றான்.

நான் கத்திவிட்டேன். எட்டாம் வகுப்பில் கூட அவனை அப்படி நான் அதட்டியதில்லை. நண்பர்கள் முன்னால் பையனுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. ஏன் கத்தினேன் என்று என்னால் அப்போது சொல்ல முடியவில்லை. திண்ணையில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவளை வைத்துக்கொண்டு சொல்லவும் முடியாது.

அவன் ஊருக்குப் போனதும் போனில், "சார், லாங் ட்ரிப்புக்கு என்னென்ன டூல்ஸ் வச்சுக்கணும், என்ன வேலை நாங்களே பாக்கலாம்னு எழுதுங்க, குரூப்ல போடுறேன்" என்று கேட்டான். கேட்டது கருவிகளைப் பற்றி. ஆனால் கத்தியதற்கான காரணத்தையும் சேர்த்து எழுதினால்தான் கணக்கு நேராகும். முதலில் கருவிகள்.

நான் மெக்கானிக் இல்லை. 1988இல் இந்தத் தீவுக்கு சாலைப் பாலம் திறந்த பிறகுதான் எங்களில் பல பேருக்கு மோட்டார் சைக்கிள் என்ற யோசனையே வந்தது. அதற்கு முன் அக்கரைக்குப் போக ரயிலை விட்டால் வேறு வழி கிடையாது. பாலம் வந்ததும் நானும் ஒரு 100 சிசி வண்டி வாங்கினேன். கோடை விடுமுறைகளில் கன்னியாகுமரி, கொடைக்கானல், தஞ்சாவூர் என்று அதில் போயிருக்கிறேன். வாத்தியார் சம்பளத்தில் வண்டி ஓட வேண்டுமென்றால் பாதி வேலையை நாமே பார்க்க வேண்டியிருந்தது. அப்படிக் கற்றுக்கொண்டதுதான்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். எங்கள் ஊருக்கு வரும் வண்டிக்கு உப்புதான் பெரிய எதிரி. ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. காற்று அடிக்கும்போது அந்தத் தண்ணீர் பொடித் திவலையாக வந்து வண்டி மேல் படியும். தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு தங்கிவிடும். காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கசியும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி நசநசவென்று இருக்கிறதே, அதேதான். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு இன்னும் குறைந்த ஈரத்திலேயே கசியும். அதனால் நீங்கள் ஊருக்குப் போய் வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்கினாலும் செயினும் போல்ட்டும் இரவெல்லாம் உப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கும்.

இரும்பு போல்ட் அலுமினிய இன்ஜினில் இறங்கும் இடம் இன்னும் மோசம். எட்டாம் வகுப்பில் இரண்டு உலோகத் தகடுகளை உப்புத் தண்ணீரில் வைத்துச் சின்ன பல்பு எரிய வைத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? இரண்டு வேறு உலோகம், நடுவில் உப்புத் தண்ணீர் என்றால் அது ஒரு மின்கலம். அதில் அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளை மாவாகப் பூத்து போல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஒரு வருடம் கழித்துக் கழற்றப் போனால் போல்ட்டின் தலை மட்டும் கையோடு வரும்.

இது சின்ன விஷயம் இல்லை. 1914இல் திறந்த எங்கள் பழைய ரயில் பாலத்துக்கு ஆண்டு முழுவதும் துரு சுரண்டுவதும் பெயின்ட் அடிப்பதும் நடந்துகொண்டே இருக்கும். நீங்கள் படித்த காலத்தில் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். 1964 புயலில் தனுஷ்கோடி போனபோது பாலத்தின் கர்டர்களும் கடலில் போயின. இளம் பொறியாளராக இருந்த ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் அதைச் சரி செய்தார்கள். அப்படிப்பட்ட பாலத்திலும் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தும்படி ஆயிற்று. 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறந்த புதிய பாலத்தில் கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டு, மூட்டுகளையெல்லாம் வெல்டிங் செய்து, பாலிசிலாக்ஸேன் என்ற பூச்சு கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் இந்த உப்புக்குப் பயந்துதான். அந்தப் பெரிய பாலத்துக்கே இந்தக் கதி என்றால் உங்கள் செயின் எம்மாத்திரம்?

ஆகவே தனுஷ்கோடி போய் வந்தவர்கள் அன்று சாயங்காலமே இதைச் செய்யுங்கள்.

இன்ஜின் சூடு ஆறிய பிறகு நல்ல தண்ணீரில் வண்டியைக் கழுவுங்கள். வாளியும் குவளையும் போதும். சர்வீஸ் ஸ்டேஷனில் பீச்சியடிக்கும் குழாயைச் சக்கர பேரிங்குக்கு நேராகப் பிடிக்க வேண்டாம், உப்பும் மணலும் சீலைத் தாண்டி உள்ளே போய்விடும். மட்கார்டின் அடிப்பக்கம், ஸ்போக் முனைகள், சைடு ஸ்டாண்டு மூட்டு, பிரேக் பெடல் மூட்டு ஆகியவற்றை மறக்காதீர்கள். துடைத்துக் காய வைத்த பிறகுதான் கவர் போட வேண்டும். ஈரத்தோடு கவர் போடுவது துருவுக்குத் தொட்டில் கட்டுவது மாதிரி.

செயினைப் பழைய துணியும் பிரஷும் வைத்துத் துடையுங்கள். மணலும் எண்ணெயும் சேர்ந்தால் அது அரம். பழைய கறுப்புப் பசையைத் துடைக்காமல் மேலே மேலே எண்ணெய் விட்டால் பல்சக்கரத்தை நீங்களே அரைக்கிறீர்கள். அழுக்குப் போக மண்ணெண்ணெயோ டீசலோ போதும். பெட்ரோல் வேண்டாம். பெரிய வண்டிகளின் செயினில் சின்ன ரப்பர் வளையங்கள் இருக்கும், பெட்ரோல் அவற்றைக் கெடுத்துவிடும், தீப்பிடிக்கவும் செய்யும். கொஞ்ச தூரம் ஓட்டி செயின் இளஞ்சூடாக இருக்கும்போது உட்பக்கமாக எண்ணெய் விட்டால் நன்றாக இறங்கும். இன்ஜினை ஓடவிட்டு கியரில் போட்டு, சுற்றும் செயினைத் துணியால் துடைப்பதை யாரும் செய்யக் கூடாது. விரல் போன மெக்கானிக்குகளை நான் பார்த்திருக்கிறேன். கையால் சக்கரத்தை உருட்டித்தான் துடைக்க வேண்டும். எண்ணெய் ஒரு சொட்டுக் கூட டயரிலோ பிரேக் டிஸ்க்கிலோ படக் கூடாது.

பேட்டரி முனைகளில் கொஞ்சம் வாஸ்லின் தடவுங்கள். வெளியே தெரியும் போல்ட்டுகளைக் கழற்றி மாட்டும்போது மரையில் லேசாகக் கிரீஸ் தொட்டு வையுங்கள். கிரீஸ் போட்ட மரை வழுக்கிக்கொண்டு அளவுக்கு மேல் இறுகும், ஆகவே பலம் காட்டாதீர்கள்.

இனி கருவிப் பை.

கடையில் 40 உருப்படி, 60 உருப்படி என்று பெட்டி விற்கிறார்கள். வாங்காதீர்கள். வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, உங்கள் வண்டியின் இரண்டு சக்கரங்களையும் நீங்களே ஒரு முறை கழற்றி மாட்டுங்கள். எந்தெந்தப் பானா தேவைப்பட்டதோ அவற்றை ஒரு துணியில் சுருட்டுங்கள். அதுதான் உங்கள் பை. தேவைப்படாத பானா பாரம். தேவைப்பட்டு இல்லாத பானாவை வேம்பார் ரோட்டில் ராத்திரி ஏழு மணிக்குத்தான் தேடுவீர்கள்.

பொதுவாகச் சொன்னால், 8 முதல் 17 அல்லது 19 வரை ரிங் பானாக்கள், அச்சு நட்டுக்கான பெரிய பானா, பிளக் பானா, ஆலன் கீ ஒரு செட், இரு முனைத் திருப்புளி, கட்டிங் பிளேயர், தலையில் மாட்டும் டார்ச். நட்டை இறுக்கவும் தளர்த்தவும் ரிங் பானா நல்லது. வாய் திறந்த பானா நட்டின் மூலையை மழுக்கிவிடும். சின்ன வண்டியின் நட்டை நீளமான பானாவால் மூச்சுப் பிடித்து இறுக்குபவன் பலசாலி இல்லை, மரையை அழிப்பவன். முடிந்தால் வீட்டில் ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கி வையுங்கள். எந்த நட்டுக்கு எவ்வளவு இறுக்கம் என்று வண்டியின் புத்தகத்தில் போட்டிருக்கும்.

பஞ்சருக்கு: டியூப் டயர் என்றால் டயர் லீவர் இரண்டு, ஒரு மாற்று டியூப், ஒட்டு, சொல்யூஷன், பம்ப். டியூப்லெஸ் என்றால் ஊசி, ரப்பர் திரி, பம்ப். டியூப்லெஸ்ஸில் ஆணி ஏறியிருந்தால், எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்ட பிறகுதான் ஆணியைப் பிடுங்க வேண்டும். முதலிலேயே பிடுங்கிவிட்டுப் பையைத் தேடினால் இருந்த காற்றும் போய்விடும். திரி போட்டது ஊர் போய்ச் சேரத்தான், அதை நம்பி வருடக்கணக்கில் ஓட்டாதீர்கள். எங்கள் மாவட்டத்தில் ஆணியை விட சீமைக்கருவேல முள் அதிகம். டியூப்பை ஒட்டுமுன் டயரின் உள்பக்கத்தைத் துணியால் தடவிப் பாருங்கள். உடைந்த முள் உள்ளேயே நின்றிருக்கும். அதை எடுக்காமல் ஒட்டினால் அடுத்த ஊரில் மறுபடி உட்கார வேண்டியதுதான்.

கிளட்ச் கேபிள் பெரும்பாலும் கைப்பிடி முனையில்தான் அறுந்து போகும். நீண்ட தூரம் போகுமுன் பழைய கேபிள் போகும் வழியிலேயே புதிய கேபிளையும் ஓட்டி, டேப் சுற்றி வைத்துவிடுங்கள். அறுந்தால் இரண்டு முனைகளை மாற்றி மாட்டினால் போதும், பத்து நிமிட வேலை.

செயின் லாக் ஒன்று பையில் இருக்கட்டும். லாக் போட்ட செயினாக இருந்தால், அந்தக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் எதிலாவது உரசிக் கழன்றுவிடும்.

மாற்று ஃபியூஸ், இன்சுலேஷன் டேப், பிளாஸ்டிக் டை, ஒரு முழம் கட்டுக்கம்பி. கடைசியாக, பத்து ஸ்பிளிட் பின். எல்லாம் சேர்த்து ஒரு டீ, வடைக் காசுதான் ஆகும். இதற்குப் பிறகு வருகிறேன்.

என்னென்ன வேலையை நீங்களே பார்க்கலாம்? செயின் தொய்வு, காற்று, எண்ணெய் அளவு, பிளக், ஏர் ஃபில்டர், கேபிள், பல்பு, ஃபியூஸ், பஞ்சர். இவை தெரிந்தால் போதும். காற்றைக் காலையில் வண்டி எடுக்குமுன் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும், ஓடிய டயர் கூடுதலாகக் காட்டும். செயின் தொய்வை ஒரே இடத்தில் பார்க்காமல், சக்கரத்தை உருட்டி நாலைந்து இடத்தில் பார்த்து, இறுக்கமான இடத்தை வைத்துச் சரி செய்ய வேண்டும்.

எதைத் தொடக் கூடாது? 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் கிடையாது, கம்ப்யூட்டர்தான் பெட்ரோல் அளக்கிறது. எங்கள் காலத்து ஸ்க்ரூ திருகும் வித்தை அதில் பலிக்காது, ஒயரை நோண்டாதீர்கள். டிஸ்க் பிரேக்கின் எண்ணெய் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. ஈரம் ஏறினால் சீக்கிரம் கொதித்துவிடும், மலை இறங்கும்போது பிரேக் பிடிக்காது. அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். திறந்து வைத்த பழைய பாட்டிலை ஊற்றக் கூடாது. இந்த வேலையை, தெரிந்தவர் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுக்காமல் நீங்களாகச் செய்ய வேண்டாம்.

இதுவரை அவன் கேட்டது. இனி நான் சொல்ல வேண்டியது. இது மாணவர்களை விட என் உறவினர்களுக்காக.

1996 மே மாதம் தூத்துக்குடியில் ஒரு கல்யாணம். நானும் என் மனைவியும் வண்டியில் போய்விட்டுத் திரும்பினோம். 160 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். வேம்பார் தாண்டியதும் பின் சக்கரம் பஞ்சர். கருவேல முள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. "ஊருக்குள்ள சைக்கிள் கடை பார்த்தேன், கூப்பிடலாமே" என்றாள். "ஒரு பஞ்சருக்கா? எனக்குத் தெரியாதா?" என்றேன்.

தெரியும்தான். அதில் தப்பில்லை. அந்த வண்டியில் பின் பிரேக் டிரம்மின் மூடித் தட்டை, அது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றிவிடாமல், ஒரு இரும்புப் பட்டை வண்டிச் சட்டத்தோடு பிடித்து வைத்திருக்கும். சக்கரத்தைக் கழற்ற அந்தப் பட்டையின் நட்டைக் கழற்ற வேண்டும். நட்டு தானாகக் கழன்றுவிடாமல் இருக்க போல்ட்டின் துளையில் ஒரு ஸ்பிளிட் பின். பழைய பின் கழற்றும்போது உடைந்துவிட்டது. அது உடையத்தான் செய்யும், ஒரு முறை வளைத்த பின்னை மறுபடி போடவும் கூடாது. மாற்றுப் பின் என்னிடம் இல்லை.

பஞ்சர் ஒட்டிச் சக்கரத்தை மாட்டினேன். அந்த நட்டை விரலால் சுற்றி விட்டேன், செயின் பார்த்துவிட்டு இறுக்கலாம் என்று. அந்த நேரம் பனங்காட்டுக்குள் இருந்து இரண்டு பேர் வந்து பேச்சுக் கொடுத்தார்கள். எந்த ஊர், என்ன வேலை. வாத்தியாரே வண்டி வேலை பார்க்கிறாரே என்று ஒருவர் சொன்னார். எனக்குக் குளிர்ந்துவிட்டது. பேசிக்கொண்டே காற்று அடித்தேன், அச்சு நட்டை இறுக்கினேன், பையைச் சுருட்டினேன். பின் போடவில்லை என்பது தெரியும். வீட்டுக்குப் போய்ப் போடலாம் என்று நினைத்தேன். ஆனால் நட்டையே இறுக்கவில்லை என்பது நினைவில் இல்லை.

அந்தக் கருவிப் பையை எதனால் கட்டியிருந்தேன் தெரியுமா? கட்டுக்கம்பியால். அதில் இரண்டு அங்குலம் வெட்டி அந்தத் துளையில் கோத்து முறுக்கியிருந்தால் நட்டு கழன்று விழுந்திருக்காது, வீடு வந்து சேர்ந்திருப்போம். கையில் இருந்தது. தோன்றவில்லை.

சாயல்குடி தாண்டி, ஏர்வாடிக்குக் கொஞ்சம் முன்னால் ஆடுகள் குறுக்கே வந்தன. 40க்கு மேல் வேகம் இருக்காது. பிரேக்கை மிதித்தேன். டக்கென்று ஒரு சத்தம். பட்டை கழன்று பிரேக் தட்டு சக்கரத்தோடு சுற்றப் பார்த்திருக்கிறது. அப்படிச் சுற்றும்போது பிரேக் கம்பியை அதுவே இழுக்கும், நான் காலை எடுத்தாலும் விடாது. சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. வண்டி இடப்பக்கம் சாய்ந்து தேய்த்துக்கொண்டு போயிற்று. அவள் இடப்பக்கம் காலைத் தொங்கவிட்டு ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தாள். வண்டியின் பாரம் அவள் இடது கணுக்காலில் விழுந்தது. எனக்குச் சிராய்ப்பு மட்டும்.

ராமநாதபுரத்தில் கட்டுப் போட்டு, மதுரையில் ஆபரேஷன் ஆயிற்று. உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

உங்களுக்குத் தெரியாதது இது. ஆஸ்பத்திரியில் நம் வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்ததும், "சேலை சக்கரத்துல மாட்டியிருச்சா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கே முழுக் காரணம் தெரியாது. இரண்டு நாள் கழித்து வண்டி லோடு ஆட்டோவில் வீட்டுக்கு வந்தது. கொல்லையில் இறக்கிப் பார்த்தேன். பட்டை தொங்கிக்கொண்டிருந்தது. நட்டு இல்லை. பிரேக் கம்பி வளைந்திருந்தது. வேம்பாரில் விரலால் சுற்றி விட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்று ராத்திரியே புது போல்ட், புது நட்டு, புது பின் போட்டு, கம்பியை நிமிர்த்தி, வண்டியைச் சரி செய்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குள் சேலைக் கதை ஊரெல்லாம் பரவிவிட்டது. அதன் பிறகு நம் குடும்பத்தில் கல்யாணமாகிப் போன ஒவ்வொரு பெண்ணுக்கும், வண்டியில் ஏறும்போது, "சேலையைச் சுருட்டிப் பிடி, பாம்பன் சித்தி மாதிரி ஆயிராம" என்று சொல்லி அனுப்பினோம். சொல்லும்போது நானும் பக்கத்தில் நின்றிருக்கிறேன். என் மனைவியே தன் அண்ணன் மகளிடம், "நான் ஒழுங்காப் பிடிக்கல, அதான் இப்படி ஆச்சு. நீ பார்த்து உட்காரு" என்று சொன்னதை என் காதால் கேட்டேன். அன்றும் வாய் திறக்கவில்லை.

அவளுக்குத் தையல் உண்டு. மிதி மெஷின். இந்தத் தெருவில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைத்தது அவள்தான். கணுக்கால் மடங்காமல் போனதும் மெஷினை மிதிக்க முடியவில்லை. இரண்டு வருடம் கழித்து நான் அதில் மோட்டார் மாட்டிக் கொடுத்தேன். என்ன நல்ல மனுசன், பெண்டாட்டிக்காக மோட்டார் மாட்டிக் கொடுத்திருக்கிறாரே என்று நீங்கள் எல்லோரும் பாராட்டினீர்கள். அந்தப் பாராட்டையும் வாங்கிக்கொண்டேன்.

29 வருடம் ஆயிற்று. போன மாதம் அந்தப் பையனைக் கத்திய அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நட்டு, பின், கட்டுக்கம்பி, கொல்லையில் வைத்து ராத்திரி சரி செய்தது, எல்லாம்.

கோபப்படுவாள், அழுவாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்ப நான் சேலையை ஒழுங்காத்தான் பிடிச்சிருந்தேனா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். வேறு எதுவும் சொல்ல என்னிடம் இல்லை.

இரண்டு நாள் என்னிடம் அதிகம் பேசவில்லை. மூன்றாம் நாள், "எங்க அண்ணன் வீட்டுல எல்லாரும் பாக்குற இடத்துல எழுதுங்க. என்கிட்ட மட்டும் சொன்னா ஆச்சா?" என்றாள். அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன். எழுதி முடித்துப் படித்துக் காட்டினேன். "டூல்ஸ் பத்தி எழுதினது நல்லாருக்கு. அந்தப் பையனுக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேளுங்க" என்றாள். கேட்டுவிட்டேன். அவன், "சார், நீங்க திட்டினதுக்கப்புறம் அன்னிக்கே கடையில பின் வாங்கிப் போட்டுட்டேன்" என்றான்.

மச்சான், மதினி, தங்கச்சிமார், பிள்ளைகள் எல்லோரும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அன்று சேலை மாட்டவில்லை. அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. தப்பு என்னுடையது. பஞ்சர் போட்ட கை தப்புச் செய்தது, பிறகு வாயும் செய்தது. வண்டியில் ஏறும் பெண்களுக்கு சேலையைச் சுருட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள், அது நல்ல புத்திமதிதான். ஆனால் அவள் பெயரை அதோடு சேர்க்காதீர்கள். எங்கே சொன்னீர்களோ அங்கே திருத்திச் சொல்லுங்கள்.

மாணவர்களுக்குக் கடைசியாக நான்கு விஷயம்.

வேலையின் நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால், அல்லது போன் வந்தால், வேலையை விட்ட இடத்தில் இருந்து தொடராதீர்கள். முதல் நட்டில் இருந்து மறுபடி பானா வைத்துப் பாருங்கள். நானும் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

எந்த நட்டையும் விரலால் சுற்றிவிட்டு அடுத்ததுக்குப் போகாதீர்கள். இப்போது இறுக்க முடியாது என்றால் அந்தப் பானாவை சீட் மேல் கண்ணில் படும்படி வையுங்கள்.

இறுக்கி முடித்த நட்டிலும் போல்ட்டிலும் சேர்த்து நகப்பூச்சால் ஒரு கோடு போடுங்கள். நட்டு நகர்ந்தால் கோடு உடைந்து தெரியும். டீ குடிக்க நிற்கும்போது குனிந்து ஒரு பார்வை பார்த்தால் போதும். என் வண்டியில் போட்டிருப்பது என் பேத்தியின் ரோஸ் கலர்.

பழைய பின்னை மறுபடி போடாதீர்கள். பின் இல்லை என்றால் கட்டுக்கம்பி. அதுவும் இல்லை என்றால் வண்டி அங்கேயே நிற்கட்டும். ரூமுக்குப் போய்ப் போடலாம், வீட்டுக்குப் போய்ப் போடலாம் என்பது வேண்டாம்.

இந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். வண்டி கழுவ நல்ல தண்ணீரும் வாளியும் முற்றத்தில் இருக்கும். திண்ணையில் ஒரு டப்பாவில் எல்லா அளவிலும் ஸ்பிளிட் பின் வாங்கி வைத்திருக்கிறேன். கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
உங்கள் சார்
பாம்பன்